கெண்டைக்குப் பட்டா இருக்கிறதா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தக் கோடையிலும் வற்றாத குளம் ஒன்று இருக்கிறது. தாமரை பூத்துக் கிடக்கும், மீன்கள் துள்ளும், வாத்துகள் நீந்தும், எருமை இறங்கி நிற்கும். கரையில் ஆக்கிரமிப்பு கிடையாது, உள்வாயில் சீமைக் கருவேலம் கிடையாது, மீன் பாசி ஏலம் எடுத்தவர் ராத்திரியோடு ராத்திரியாக மடையைத் திறந்துவிட்டுப் போவதும் கிடையாது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் சுண்ணாம்புக் காரை உதிர்ந்த அளவுக்குத்தான் அதில் தண்ணீர் குறைந்திருக்கிறது. முகவரி வேண்டுவோர் குறித்துக்கொள்ளலாம்: அன்னவாசல் ஒன்றியம், சித்தன்னவாசல் குகைக்கோயில், அர்த்தமண்டபத்து விதானம். பாண்டியர் காலத்து ஓவியர்கள் விவரமானவர்கள். தரையில் விட்டுவைத்தால் ஏதாவது ஒரு துறை எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்துதான் குளத்தைக் கூரையில் ஏற்றி வைத்தார்கள்.

தரையில் இருக்கும் கண்மாய்கள் 5,000-க்கும் மேல். அவற்றை நம்பித்தான் இந்த வானம் பார்த்த பூமியில் நெல் விளைந்தது. அந்தக் கண்மாய்களில் எத்தனை இன்று முழுக்க நிறைகின்றன என்று கேட்டுவிடாதீர்கள். கேட்க வேண்டிய நேரத்தில் மேடையிலிருந்து ஒரு நற்செய்தி வாசிப்பார்கள். நெல்வயலில் மீன் வளர்க்கலாம்; நீடித்த நிலையான வேளாண்மை; ஒரே வயலில் இரட்டை வருமானம். 2016-இல் பிரதமர் பரேலியில் நின்று, 2022-க்குள் விவசாயியின் வருமானம் இரட்டிப்பாகும் என்று சொன்னாரே, அந்த இரட்டிப்பு இத்தனை காலமும் எங்கே போயிருந்தது என்று தேடிக்கொண்டிருந்தோம். மீன் வேஷத்தில் வந்திருக்கிறது.

இந்த நற்செய்தியைச் சொல்ல நடத்தும் பயிற்சி முகாம்களின் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். ஷாமியானா, சுடவைத்த தேநீர், ஓடாத புரொஜெக்டர், வழவழப்பான தாளில் துண்டறிக்கை. படத்தில் பச்சைப் பசேலென்று வயல், சுற்றி அகழி, அதில் கட்லா துள்ளுகிறது. இளம் அலுவலர் மனப்பாடமாகச் சொல்லி முடித்துவிட்டு, "நெல்லுக்கு நெல்லும் ஆச்சு, மீனுக்கு மீனும் ஆச்சு. புரியுதாம்மா?" என்று கேட்பார்.

முன்வரிசையில் இருக்கும் அப்பத்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்லும்: "நல்லாப் புரியுது தம்பி. குஞ்சுக்கு மானியம் இருக்கு, வலைக்கு மானியம் இருக்கு. தண்ணிக்கி எதுவும் இருக்கா?"

"அது வேற டிபார்ட்மெண்ட்மா."

அந்தப் பதிலை மட்டும் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்வோம். இந்த மாவட்டத்தின் நீர் வரலாறு முழுவதும் அந்த மூன்று சொல்லுக்குள் இருக்கிறது.

அலுவலரை மட்டும் குறை சொல்லக்கூடாது. அவருக்கு முப்பது வயது இருக்கும். வயலில் மீனை அவர் பார்த்ததே இல்லை. எங்கள் பக்கத்தில் யாரும் நெல்லுக்குள் மீன் 'வளர்த்தது' கிடையாது; அது தன்பாட்டுக்கு வந்து வளர்ந்தது. ஐப்பசி மழையில் கண்மாய் பெருகி கலிங்கில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால், கெண்டையும் அயிரையும் வாய்க்காலில் எதிரேறும். வாமடையில் பரியை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தால், விடிகாலையில் குழம்புக்கு ஆயிற்று. நடவு வயலில் களை பறிக்கிறவர்களின் கணுக்காலைக் கெளுத்தி உரசிக்கொண்டு போகும்; முள் பட்டால் அன்றைக்குப் பாதிக் கூலி வேலைதான். அறுப்புக்கு முன்னால் வயலை வடியவிடும்போது மூலைப் பள்ளத்தில் குரவையும் விராலும் சேறோடு சேறாக நெளியும். பிள்ளைகள் துழாவிப் பிடித்து ஓலைக்கொட்டானில் போட்டுக்கொண்டு வருவார்கள். வட்டிக்காரர் ஒருவரும் அதில் பங்கு கேட்டதில்லை. மானியம் தந்த அரசு ஒன்றும் அதைப் படம்பிடித்து நாட்காட்டியில் போட்டதில்லை.

கோடையில் கண்மாய் வற்றும்போது அதற்கும் ஒரு நாள் குறிப்பார்கள். பொன்னமராவதி, அன்னவாசல், இலுப்பூர்ப் பக்கங்களில் இன்றும் மழை பெய்த வருஷங்களில் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக நாலு ஊர்ச் சனம் ஒரே நேரத்தில் உள்ளே இறங்கும். பிடித்தது பிடித்தவருக்கு. அன்று சாயங்காலம் எல்லா ஊரிலும் ஒரே வாசம்.

விராலும் குரவையும் லேசுப்பட்ட பிராணிகள் அல்ல. தண்ணீரில் மூச்சு முட்டினால் மேலே வந்து காற்றைக் குடிக்கும். குளம் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து மழைக்காகக் காத்திருக்கும். பனையேறிக் கெண்டை இன்னும் ஒரு படி மேலே போனது. தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனி அதிகாரியாக இருந்த டால்டார்ஃப், அது பனைமரத்தில் ஏறியதைத் தன் கண்ணால் பார்த்ததாக எழுதி, லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் 1797-இல் அது அச்சாயிற்று. இருநூறு வருஷம் கழித்து அந்த மீன் இப்போது ஏறினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கீழே தண்ணீர் இல்லை, மேலே போய்ப் பார்க்கலாம் என்று ஏறியிருக்கும். இத்தனை வைராக்கியமுள்ள உயிர்களையே நம் வயல்களில் இல்லாமல் ஆக்கினோம் என்றால், அது தற்செயலாக நடந்த காரியம் அல்ல. திட்டம் போட்டு, நிதி ஒதுக்கி, வல்லுநர் குழு வைத்துச் செய்தோம்.

நெல்லோடு மீன் என்ற முறையின் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அருமையான முறை. சீனாவில் செஜியாங் மாகாணத்து சிங்தியான் மலைக்கிராமங்களில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறார்கள். உலக வேளாண் பாரம்பரியம் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2005-இல் அதைப் பட்டியலில் சேர்த்தது. அந்த வயல்களை ஆராய்ந்து 2011-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, மீன் விட்ட வயலில் நெல் விளைச்சல் குறையவில்லை, பூச்சிமருந்து 68 விழுக்காடும் ரசாயன உரம் 24 விழுக்காடும் குறைவாகத் தேவைப்பட்டன என்று கணக்குக் காட்டியது. காரணம் மாயமல்ல. மீன் தூரில் முட்டும்போது தண்டில் உட்கார்ந்திருக்கும் புகையான் தண்ணீரில் விழும்; விழுந்ததை மீன் தின்னும். மீன் சேற்றைக் கலக்கும், களையைக் கடிக்கும், எச்சத்தை உரமாகப் போடும். பதிலுக்கு நெல் நிழல் தரும். மீனுக்கு ஆகாத அம்மோனியாச் சத்தைத் தான் உறிஞ்சித் தண்ணீரைச் சுத்தமாக வைக்கும். அருணாசலப் பிரதேசத்து ஜீரோவில் அபதானி மக்களும், கேரளத்துப் பொக்காளி வயல்காரர்களும் தத்தம் வழியில் இதைச் செய்கிறார்கள்.

ஆனால் இதற்கு மூன்று சாமான் வேண்டும். நான்கு மாதம் வயலில் நிற்கும் தண்ணீர். விஷம் கலக்காத தண்ணீர். இந்த வயல் அடுத்த வருஷமும் என் கையில்தான் இருக்கும் என்ற உறுதி. மூன்றும் இருந்த காலத்தில் மீன் தானாக வந்தது. மூன்றையும் பிடுங்கிக்கொண்டவர்கள் இப்போது மீனை மட்டும் பாலித்தீன் பையில் ஆக்சிஜன் அடைத்துக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார்கள்.

விஷத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். 1960-இல் தஞ்சாவூர் மாவட்டம் 'பேக்கேஜ்' திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பின்னாலேயே குட்டை நெல் வந்தது. இன்றைய புதுக்கோட்டையின் கிழக்குப் பகுதி அப்போது தஞ்சாவூரோடுதான் இருந்தது. 1974 ஜனவரியில்தான் தனி மாவட்டம். வெள்ளத்துக்கு மேலே தலை நீட்டி நிற்கும் மடுமுழுங்கி மாதிரியான நெல் போய், இரண்டு அங்குலத் தண்ணீரில் விளையும் ரகம் வந்தது. இரண்டு அங்குலத் தண்ணீரில் கொக்கு நிற்கும், மீன் நிற்காது. கூடவே புட்டிகளும் வந்தன.

நடவு முடிந்ததும் குருணை மருந்து. அப்புறம் குருத்துப்பூச்சிக்கு ஒன்று, இலைச்சுருட்டுப் புழுவுக்கு ஒன்று, புகையானுக்கு ஒன்று. நோவு வந்த தோகையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு போய் மருந்துக் கடையில் காட்டினால், கடைக்காரர் கண்ணாடியைக் கூட மாட்டிக்கொள்ளாமல் மூன்று டப்பாவை எடுத்து வைப்பார். "எதுக்கும் இதையும் சேத்து அடிச்சிருங்கண்ணே." பணம் அறுப்புக்குப் பிறகு தந்தால் போதும். வங்கியைவிட அன்பான இடம். கடன் அங்கே இருக்கிறவரை டப்பாவும் அங்கேதான் வாங்கியாக வேண்டும். வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போனால் சில சமயம் அதுவே மானிய விலையில் கிடைக்கும். கார்போபியூரான் குருணை மீனையும் கொல்லும், அதைப் பொறுக்கித் தின்னும் பறவையையும் கொல்லும் என்பது உலகறிந்த விஷயம். 2023-இல் மத்திய அரசு விழித்துக்கொண்டு அதன் மற்ற வடிவங்களை நிறுத்தச் சொன்னது. வயலில் நாம் தூவும் 3 விழுக்காட்டுக் குருணையை மட்டும் பத்திரமாக விட்டுவைத்தது. நல்ல மனசு.

இந்தோனேசியாவில் 1986-இல் புகையான் நெல்லைச் சூறையாடியபோது, மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகுகிறது என்று அறிவியலாளர்கள் சொன்னார்கள். அதிபர் சுகார்த்தோ ஒரே ஆணையில் 57 மருந்துகளை நெல்வயலிலிருந்து விலக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் மருந்துக்கான மானியத்தையும் நிறுத்தினார். அவர் ஜனநாயகவாதி அல்ல. ஒரு சர்வாதிகாரிக்கே புரிந்த விஷயம் நம் ஜனநாயகத்தில் ஆய்வுக்குழு, மறுஆய்வுக்குழு, கருத்துக்கேட்பு என்று வலம் வந்துகொண்டிருக்கிறது.

நம்மிடம் சொல்ல ஆள் இல்லாமலா போயிற்று? கீரனூர்ப் பக்கம் ஓடுகம்பட்டியில் கொழுஞ்சிப் பண்ணை இருக்கிறது. கரடு முரடான செம்மண் பூமியை மரமும் பயிருமாக்கிக் காட்டிய இடம். இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் இந்த மாவட்டத்துக் கிராமங்களில் எல்லாம் வெற்றுடம்போடு நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். உயிரோடு இருந்தவரை அவரைப் பைத்தியக்காரத் தாடிக்காரர் என்று சிரித்த அதிகாரிகளை எனக்குத் தெரியும். 2013 டிசம்பர் 30-இல் அத்திவெட்டியில் அவர் கண்மூடினார். இப்போது இயற்கை விவசாயிகளுக்கு நம்மாழ்வார் பெயரில் அரசு விருது. விஷத்தை எதிர்த்தவர் பெயரில் ஒரு விருது, விஷத்துக்கு ஒரு மானியம், விஷம் விழுந்த வயலில் விட மீன்குஞ்சு ஒரு பை. மூன்றும் ஒரே கஜானாவிலிருந்து.

இனி தண்ணீர். கண்மாய் யாருடையது என்று ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் ஊருடையது என்று சொல்லும்; மதிப்பெண் கிடையாது. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். கண்மாய் கிடக்கிற நிலம் வருவாய்த் துறை. உள்வாயில் உள்ள மரம் வனத் துறை அல்லது ஊராட்சி. அடியில் உள்ள மண் கனிமவளத் துறை. மேலே நீந்தும் மீன் மீன்வளத் துறை, அல்லது ஏலத்தில் எடுத்தவர். இத்தனை பேர் சொந்தம் கொண்டாடும் சொத்தில் ஒருவர் மட்டும் இல்லை: மடையை நம்பி நாற்று விட்டவர்.

மீன் பாசி ஏலத்தை அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்த நெல்–மீன் நேசக்கதை கேட்டு வயிறு எரியும். கண்மாயில் தண்ணீர் இருக்கும்வரைதான் மீன் தண்ணீருக்குள் ஒளிந்திருக்கும். ஏலம் எடுத்தவருக்குத் தண்ணீர் சீக்கிரம் குறைய வேண்டும். கீழே நெல் வைத்திருப்பவருக்குக் கடைசிவரை நிற்க வேண்டும். பயிர் கதிர் வாங்கும் நேரத்தில் ஒரு ராத்திரி மடை திறந்து கிடக்கும். யார் திறந்தது? யாருக்கும் தெரியாது. காலையில் ஊர் திரண்டு போனால் "நான் லட்சக்கணக்குல கட்டி எடுத்திருக்கேன்" என்று அவர் ரசீதை நீட்டுவார். வேறு சில ஊரில் தலைகீழ். நெல்லுக்கு மடை திறந்தால் மீன் ஓடிவிடும் என்று திறக்கவே விடமாட்டார். காவல் நிலையம் போனால் ஒன்றியத்துக்குப் போகச் சொல்வார்கள், ஒன்றியம் போனால் வட்டாட்சியரிடம். அதற்குள் பயிர் கருகும். கண்மாயில் நெல்லையும் மீனையும் எதிரெதிர்க் கட்சியாக்கி வழக்காட விட்ட அதே அரசு, வயலுக்குள் வந்து இரண்டும் ஒரு பாயில் படுத்து ஒற்றுமையாக வாழ வேண்டும் என்று துண்டறிக்கை கொடுக்கிறது. முதலில் மேலே இருக்கும் அந்தப் பஞ்சாயத்தைத் தீர்த்துவிட்டு வாருங்கள்.

கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வழியைப் பற்றியும் பேச வேண்டும். தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் எங்கள் மாவட்டமும் ஒரே வயது. இரண்டும் 1974-இல் பிறந்தவை. மாவட்டத்தின் காடுகளிலும் மேட்டு நிலங்களிலும் கழகம் தைலமரத்தை வரிசை வரிசையாக நட்டது. எங்கள் பக்கத்தில் ஆர்.எஸ்.பதி மரம் என்பார்கள். வரிசைக்கு வரிசை வரப்புப் போட்டுப் பள்ளம் பறித்துப் பெய்த மழையைத் தோப்புக்குள்ளேயே நிறுத்திக்கொள்வார்கள். மழைநீர் சேகரிப்புதான், யாருக்குச் சேகரிப்பு என்பதில்தான் சிக்கல். மேட்டில் விழுந்த மழை ஓடைக்கு வராமல், ஓடை கண்மாய்க்கு வராமல், கண்மாய் வயலுக்கு வராமல் போய், விவசாயிகள் எத்தனை மறியல், எத்தனை மனு, எத்தனை வழக்கு என்று நடந்து பார்த்துவிட்டார்கள்.

அந்த மரம் எங்கே போகிறது? வெட்டி லாரியில் ஏற்றிக் காகித ஆலைக்கு. கூழாகிறது; வெளுக்கப்படுகிறது; தாளாகிறது. அந்த வகைத் தாளில்தான் 'நெல்வயலில் மீன் வளர்ப்பு' என்று நாலு வண்ணத்தில் அச்சடித்துத் தேநீரோடு எங்களுக்கே விநியோகிக்கிறார்கள். எங்கள் கண்மாய்க்கு வராத தண்ணீர் துண்டறிக்கை வடிவத்திலாவது எங்கள் கைக்குத் திரும்பி வந்துவிடுகிறது. இதைவிடச் சிறந்த மறுசுழற்சி உலகில் எங்கும் கிடையாது. சிங்தியான்காரர்கள் வந்து கற்றுக்கொண்டு போகலாம்.

இல்லை, அரசு தண்ணீருக்கு ஒன்றுமே செய்யவில்லை என்றால் அது அபாண்டம். 2021 பிப்ரவரியில் ஒரு வார இடைவெளியில் இரண்டு அடிக்கல் நாட்டினார்கள். 14-ஆம் தேதி சென்னையில் பிரதமர், கல்லணைக் கால்வாயைப் புதுப்பிக்கும் 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு. 21-ஆம் தேதி விராலிமலைப் பக்கம் குன்னத்தூரில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு. 262 கிலோமீட்டர், 14,400 கோடி. ஏப்ரலில் தேர்தல். அடிக்கல்லுக்கும் தேர்தலுக்கும் சம்பந்தம் உண்டு என்று சொல்லும் தீய நாக்குகளை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். ஆட்சி மாறியது. ஆண்டுகள் ஓடின. கல் அங்கேயே இருக்கிறது. அதன் மீது மழை பெய்தால் சற்று நேரம் ஈரமாக இருக்கும்; புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்த இணைப்புக் கால்வாய்த் தண்ணீர் இதுவரை அவ்வளவுதான்.

கல்லணைக் கால்வாயின் கடைமடை எங்களுடையது. அறந்தாங்கி, நாகுடி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி. ஜூன் 12-இல் மேட்டூரில் மலர் தூவித் திறக்கும் தண்ணீர் இங்கே வந்து சேரும்போது பூ வாடியிருக்கும். பல வருஷம் தண்ணீரே வாடியிருக்கும். வருமா வராதா என்று நாற்றங்காலில் நின்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளிடம் போய், 110 நாள் நெல்லுக்குள் மீன் விடுங்கள் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்? அந்த 110 நாளில் கட்லா குஞ்சு உள்ளங்கை அகலம் வளர்ந்தால் அதிகம். பொன்மணி போல 155 நாள் நெல் வைத்தால் கொஞ்சம் தேறும். ஆனால் 155 நாளைக்குத் தண்ணீருக்கு எங்கே போக? அதற்காகவே வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் என்று ஒன்று இருக்கிறது. தண்ணீர் குறைந்த நிலத்தில் என்ன விளையும் என்று அங்கே உளுந்தை வைத்து யோசிக்கிறார்கள். அந்த யோசனை முப்பது கிலோமீட்டர் நகர்ந்து முகாம் ஷாமியானாவுக்குள் வருவதற்கு எந்தக் கால்வாயும் வெட்டவில்லை போலிருக்கிறது.

2020-இல் சட்டம் போட்டு, காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் என்று அறிவித்தார்கள். எங்கள் மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களும் அதில் உண்டு. 2017-இல் நெடுவாசலில் பெண்களும் பிள்ளைகளும் மாதக்கணக்கில் வெயிலில் உட்கார்ந்து ஹைட்ரோகார்பன் வேண்டாம் என்று சொன்னதற்குக் கிடைத்த சட்டம் அது. எண்ணெய்க் கிணற்றிலிருந்து நிலத்தைப் பாதுகாக்கிறது. சரி. வறட்சியிலிருந்து, ராத்திரி மடை திறப்பிலிருந்து, குருணையிலிருந்து எந்தச் சட்டம் பாதுகாக்கும்? அது வேற டிபார்ட்மெண்ட்.

எல்லாவற்றையும் மீறி ஒருவர் மீன் விடத் துணிந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பிரதமர் மீன்வளத் திட்டம் இருக்கிறது. 2020-இல் 20,050 கோடி என்று தொடங்கியது. பொதுப்பிரிவுக்கு 40 விழுக்காடு, பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர்க்கும் 60 விழுக்காடு மானியம். வாயில் தேன் ஊறுகிறது. அப்புறம் காகிதப் பட்டியல் வரும். பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், ஆதார், வங்கிப் புத்தக நகல், சிறு குறு விவசாயி சான்று. அடங்கலில் கிராம நிர்வாக அலுவலர் நெல் என்று எழுதுவாரா, மீன் என்று எழுதுவாரா? நெல் என்று எழுதினால் மீன்வளத் துறை முகம் சுளிக்கும். மீன் என்று எழுதினால் வேளாண் துறை கைவிரிக்கும். 'நெல்லும் மீனும்' என்று எழுதக் கட்டத்தில் இடம் இல்லை. கெண்டைக்குப் பட்டா இருக்கிறதா என்று கேட்காததுதான் பாக்கி.

பட்டாவும் யாரிடம் இருக்கிறது? சேற்றில் நிற்பவர் பாதிப்பேர் குத்தகைக்காரர், வாரதாரர். நிலம் கோயில் பேரில் இருக்கும், அல்லது சென்னையில் குடியேறிவிட்டவர் பேரில். பயிர் எந்தப் பேரிலும் இருக்காது. கடன் மட்டும் சரியாக உழுகிறவர் பேரில் இருக்கும். அடுத்த வருஷம் குத்தகை மாறினால், இடுப்பளவு வெட்டிய அகழியைத் தோளில் போட்டுக்கொண்டு போக முடியுமா? அரை ஏக்கர் வைத்திருப்பவரிடம் பத்தில் ஒரு பங்கைக் குழியாக வெட்டுங்கள் என்கிறது துண்டறிக்கை. முதலில் கைக்காசைப் போட்டு வெட்டி, பூமியின் எந்தப் புள்ளியில் நிற்கிறோம் என்று காட்டும் கைபேசிப் படத்தோடு பில்லும் வைத்தால், மானியம் பிறகு வரும். பிறகு என்றால் எப்போது? கந்துவட்டிக்காரர் அந்தப் 'பிறகு' வரை வட்டியை நிறுத்தி வைப்பதில்லை.

நெல் கருகினால் பயிர்க் காப்பீட்டுக்கு மனுப் போடலாம். கிடைக்கிறதோ இல்லையோ, போட ஒரு படிவம் உண்டு. மீன் மிதந்தால் அந்தக் காப்பீட்டில் படிவமும் கிடையாது. பக்கத்து வயல்காரர் அடித்த மருந்து வரப்பு தாண்டி வந்து மீன் செத்தால் யாரைக் கேட்பது? அவரும் மாமன் மச்சான்தான். அவருக்கும் அதே கடை, அதே கடன், அதே டப்பா. கடைசியில் நெல்லை மட்டும் மிச்சப்படுத்திக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் என்று திருப்பி அனுப்புவார்கள். மீனோடு வாழ்ந்த நெல்லாயிற்றே. மூட்டைக்கு இவ்வளவு என்று வைத்தால் அதே நெல் நின்ற இடத்திலேயே காய்ந்துவிடும் அற்புதத்தையும் அங்கே பார்க்கலாம்.

இங்கே ஒரு சின்ன விலகல். எங்கள் மாவட்டத்துக்குக் கடலும் உண்டு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்திலிருந்து நிஜமான கடலில், நிஜமான மீனுக்குப் போகிறவர்களை இலங்கைக் கடற்படை படகோடு பிடித்துக்கொண்டு போகிறது. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன நால்வர் பிணமாக வந்தார்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் மீன் பிடித்தால் சாவு. தண்ணீரே இல்லாத இடத்தில் மீன் வளர்த்தால் மானியம். இந்தக் கணக்கைப் போட்டவர் யாரோ, அவருக்குத்தான் முதலில் விருது கொடுத்திருக்க வேண்டும்.

கோபமாகத்தான் இருக்கிறது. முறை கெட்ட முறையாக இருந்தால் கோபம் வராது, கிண்டலோடு விட்டுவிடலாம். நல்ல முறையைக் கொண்டுவந்து, அது தோற்பதற்கு வேண்டிய எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து வைத்துவிட்டு, மூன்றாம் வருஷம் 'விவசாயிகளிடம் போதிய விழிப்புணர்வு இல்லை' என்று அறிக்கை எழுதுவார்கள் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை. அந்த வாக்கியம் இப்போதே கணினியில் தயாராக இருக்கும். சொட்டுநீருக்கு எழுதியது, பண்ணைக்குட்டைக்கு எழுதியது. பயிரின் பேரை மாற்றினால் போதும்.

ஆகவே ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு யோசனை. எல்லாத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் அபூர்வ இடம் அது. நீர்வளம், வருவாய், ஒன்றியம், வனம், வனத்தோட்டக் கழகம், மீன்வளம், வேளாண்மை என்று வரிசையாகக் குடிநீர் பாட்டிலும் பெயர்ப்பலகையுமாக இருப்பார்கள். அந்த மேசையில் ஒரே ஒரு தாளை வைப்போம். ஒரே ஒரு கண்மாயின் பேர். அதன் கீழ் உள்ள வயல்களில் ஐப்பசியிலிருந்து தை வரை தண்ணீர் நிற்கும். மேலே தோப்பு வரப்பு ஓடையை மறிக்காது. மீன் பாசிக் குத்தகைக்காரர் மடையைத் தொடமாட்டார். அந்த ஆயக்கட்டில் மானியத்தில் குருணை விற்கமாட்டோம். உழுகிறவர் பேர் அடங்கலில் ஏறும். கீழே அத்தனை துறையும் கையெழுத்து. ஏழு கையெழுத்தும் விழுந்த மறுநாள் காலையில் எங்கள் ஆட்கள் வயலில் இறங்கி அகழி வெட்டுவார்கள். மண்வெட்டி அவரவர் வீட்டில் இருக்கிறது. அதற்கு மானியம் வேண்டாம். மீன்குஞ்சும் வேண்டாம். தண்ணீர் வந்தால் அது வரும் வழி அதற்குத் தெரியும்.